பக்கவாதத்துக்குப் பிறகு நடை திரும்புகிறது, யோசனை திரும்பவில்லை: என்ன பயிற்சி கொடுக்கலாம்?

செம்பூர் வானதி

வணக்கம். மும்பையில் இருப்பவர்களில் யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன தீபாவளி கழிந்து சில நாட்களில் வலது மூளையில் ரத்தக்கட்டி அடைத்து இடது கை, கால் விழுந்துவிட்டது. இப்போது நாலு கால் தடி ஊன்றி வீட்டுக்குள்ளும் எங்கள் மாடி வராந்தாவிலும் நடக்கிறார். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிசியோ, "இனி நீங்களே நடக்க வைத்தால் போதும்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

நடையைவிட எங்களை வாட்டுவது வேறு விஷயம். வராந்தாவில் நடந்துகொண்டிருக்கும்போது எதிர்வீட்டு மாமா "என்ன சார், சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் போதும், அப்படியே நின்றுவிடுகிறார். தடியை ஊன்றி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பதில் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி. வாழ்நாள் முழுக்கக் கூட்டல் கழித்தல் போட்டவர், காய்க்காரரிடம் நூறு ரூபாய் கொடுத்துவிட்டு மீதி எவ்வளவு என்று தெரியாமல் விழிக்கிறார். பழைய ஞாபகம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் எதைக் கேட்டாலும் பதில் வர நேரமாகிறது. தட்டில் இடது பக்கம் வைத்த பொரியல் தொடாமல் கிடக்கிறது, "பொரியலே வைக்கலையே" என்கிறார்.

அம்மா "மூளையில் அடிபட்டவருக்கு மூளைக்கு வேலை வைக்காதே, ஓய்வு கொடு" என்று டிவி முன்னால் உட்கார வைத்துவிடுகிறாள். தம்பி போனில் புதிர் விளையாட்டு போட்டுக் கொடுக்கிறான். நடைக்கு ஒருவர், மூளைக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டுமா?

மாட்டுங்கா மாமி

கவலைப்படாதே வானதி. எங்கள் அத்திம்பேருக்கு வந்தபோது கேரளாவிலிருந்து தைலம் வரவழைத்துத் தினமும் தேய்த்தோம். கைக்கு நல்ல இதமாக இருந்தது, தூக்கமும் வந்தது. அப்பாவுக்கும் செய்து பாரேன். ரத்த ஓட்டம் சரியானால் மூளையும் தெளியும் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

பிசியோ கனிமொழி

வானதி, நான் இங்கே ஒரு முனிசிபல் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவில் பிசியோவாக இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த எதிர்வீட்டு மாமா விஷயத்தைத்தான். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட அதிகமாக விழுகிறார்கள் என்று ஸ்வீடனில் கவனித்து 1997இல் எழுதினார்கள். அன்றிலிருந்து எங்கள் துறையில் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

நமக்கெல்லாம் நடை தன்னால் நடக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு அது போய்விடுகிறது. முழங்கால் தாங்குமா, பாதம் தரையில் உரசுமா, உடம்பு எடையை இடது காலுக்கு மாற்றலாமா என்று ஒவ்வொரு அடிக்கும் முன்மூளை காவல் இருக்க வேண்டும். பதில் சொல்வதும் சில்லறை எண்ணுவதும் அதே முன்மூளையின் வேலைதான். பக்கவாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் அடிபடுவது பழைய ஞாபகம் அல்ல. யோசிக்கும் வேகம், கவனம், இரண்டு வேலையை ஒன்றாகச் சமாளிக்கும் திறன் இவைதான். அப்பாவிடம் நீங்கள் பார்ப்பது அச்சு அசல் இதுதான். அதனால் நடையையும் மூளையையும் தனித்தனி ஆளிடம் பிரித்துக் கொடுக்க வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்துத் திட்டம் போட ஒருவர் வேண்டும்.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டிவி முன் உட்கார்வது மூளைக்கு ஓய்வு ஆகாது. உட்கார்ந்தே இருந்தால் காலில் தசை கரையும், மூச்சு குறையும், பிரஷரும் சர்க்கரையும் ஏறும். அடுத்த அடைப்புக்கு வழி போடுவது அவைதான்.

உடற்பயிற்சி யோசனைக்கும் உதவுமா என்றால், உதவும் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில், பக்கவாதம் வந்து ஒரு வருடமாவது ஆன 120 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு முறை, ஆறு மாதம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை இயக்கும் பயிற்சியும் தசைப் பயிற்சியும். இன்னொரு குழுவுக்கு மூளைக்கு வேலை தரும் விளையாட்டுகள், கூடிப் பேசும் நிகழ்ச்சிகள். மூன்றாவது குழுவுக்கு லேசான நீட்டல் பயிற்சி மட்டும். ஆறு மாத முடிவில் நீட்டல் குழுவைவிட யோசனைத் தேர்வில் தெளிவாக முன்னேறியது உடற்பயிற்சிக் குழு. பயிற்சி வகுப்பு முடிந்து இன்னொரு ஆறு மாதம் போனபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, ஒரு வருடம் கழிந்தாலும் மூளை கேட்கும், ஆனால் பயிற்சியை விட்டால் கிடைத்தது கையை விட்டுப் போகும்.

முதலில் செய்ய வேண்டியது: மருத்துவரிடம் போய் பிரஷர், இதயம் இரண்டையும் பார்த்து, எவ்வளவு வேகம் வரை போகலாம் என்று கேளுங்கள். கூடவே 'மோக்கா' என்ற யோசனைத் தேர்வும் எடுக்கச் சொல்லுங்கள். 30 மதிப்பெண், தமிழிலும் இருக்கிறது. அதில் பதினொன்று பத்துக்குக் கடிகாரம் வரையச் சொல்வார்கள். இடது பக்கத்தைக் கவனிக்காதவர்கள் 12 எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிடுவார்கள். பொரியல் கதையும் அதே குறைதான். கண்ணில் கோளாறு இல்லாமலே இடது பக்கத்து உலகம் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. வேண்டுமென்றே சாப்பிடாமல் விடுகிறார் என்று யாரும் கோபப்பட வேண்டாம். தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பு தெரியும் வரை திரும்பிப் பாருங்கப்பா" என்று சொல்லுங்கள்.

மாமி, தைலம் தேய்ப்பதில் தவறில்லை. இறுகிய தசைக்கு இதம்தான். ஆனால் தேய்த்துவிடும்போது அவர் சும்மா படுத்திருக்கிறார். மூளை புதுப் பாதை போட, அவரே காலைத் தூக்கி வைக்க வேண்டும், அதுவும் பல நூறு தடவை. இன்னொன்று, விழுந்த கையின் தோள்மூட்டு தளர்ந்து இருக்கும். இழுத்து நீவினால் மூட்டு இறங்கி, தீராத வலி வந்துவிடும். எழுப்பும்போதும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது.

டோம்பிவிலி ரவி

மேடம், ஒரு சந்தேகம். என் மாமனாருக்காக ஒரு தனியார் மையத்தில் விசாரித்தேன். மேலே கயிற்றில் கட்டி டிரெட்மில்லில் நடக்க வைக்கும் இயந்திரம் இருக்கிறது, அதுதான் லேட்டஸ்ட், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டுங்கள் என்றார்கள். கட்டணம் கேட்டு மலைத்துப் போனேன். கடன் வாங்கியாவது சேர்க்கலாமா? மூளை நரம்புக்கு என்று மாத்திரையும் சொல்கிறார்கள்.

பிசியோ கனிமொழி

ரவி சார், கடன் வாங்காதீர்கள். அமெரிக்காவில் 408 பேரை வைத்து இதையே ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் கயிற்றில் தாங்கிய டிரெட்மில். இன்னொரு பக்கம் வீட்டுக்கே பிசியோ போய்க் கொடுத்த தசைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் நடையில் ஒரு படி மேலே வந்திருந்தார்கள். இயந்திரம் கூடுதலாக எதுவும் தரவில்லை. கால் சுத்தமாகத் தாங்காதவருக்கு அது உதவலாம். மாமனார் தடி ஊன்றி நடக்கிறார் என்றால் நல்ல பிசியோவும் ஒரு நாற்காலியும் ஒரு படியும் போதும்.

மாத்திரை விஷயம். ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து கை கால் திரும்ப உதவும் என்று ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. பிரிட்டனில் 3000 பேருக்கு மேல் சேர்த்துச் சோதித்துப் பார்த்து 2019இல் முடிவு சொன்னார்கள்: மீட்சியில் வித்தியாசம் இல்லை, எலும்பு முறிவு அதிகம். ஆனால் மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து தருவது வேறு கதை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கே எழ மாட்டேன் என்பவரைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முலுண்ட் சுந்தரம்

வானதி அம்மா, நான் பக்கவாதம் வந்து மீண்டவன். எனக்கும் இடது பக்கம்தான். உங்கள் அப்பா பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

யாராவது கேள்வி கேட்டால் பதில் உள்ளே இருக்கும். ஆனால் அதைத் தேடிப் போகிற நேரத்தில் கால் எங்கே இருக்கிறது என்பது மறந்துபோகும். அந்த நொடியில் விழுந்துவிடுவோம் என்ற பயம் வயிற்றைப் பிடிக்கும். நிற்பது அதனால்தான். அப்போது "நடங்க, நடங்க" என்று அவசரப்படுத்தினால் அழுகையே வந்துவிடும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் அறை எனக்கு இன்றும் கஷ்டம்.

இன்னொன்று, அசதி. வேலை செய்ததால் வருகிற களைப்பு இல்லை அது. குளித்து முடித்தாலே ஒரு நாள் உழைத்தது போல உடம்பு கழன்று போகும். எனக்குப் பயிற்சி காலையில், காபிக்கும் டிபனுக்கும் நடுவில். மத்தியானம் படுத்துவிடுவேன். சாயங்காலம் மெதுவாக இன்னொரு நடை. சாயங்காலத்தில் கணக்கு வழக்கு எதுவும் கேட்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

என் பிசியோ செய்த ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டு ஹாலில் நடக்க வைத்துக்கொண்டே, "தாதர்லேருந்து முலுண்ட் வரைக்கும் ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்லுங்க" என்றார். தாதர், மாட்டுங்கா, சயான், குர்லா, வித்யாவிஹார் என்று கடகடவென்று சொல்லிவிட்டேன். முப்பது வருடம் போய் வந்த பாதை ஆயிற்றே. "சரி, இப்போ முலுண்டிலிருந்து திரும்பி வாங்க" என்றார். நாஹுர், பாண்டுப் சொன்னேன். அடுத்தது காஞ்சூர்மார்கா விக்ரோளியா என்று யோசிக்கும்போதே கால் நின்றுவிட்டது. மனப்பாடமாக வருவது மூளைக்கு வேலை இல்லை, திருப்பிச் சொல்வதுதான் வேலை என்றார். உங்கள் அப்பா ரயில்வேக்காரர். இது அவருக்குப் பிடிக்கும்.

பிசியோ கனிமொழி

சுந்தரம் சார் சொன்ன ஸ்டேஷன் பயிற்சியை நான் எல்லாருக்கும் சொல்லப் போகிறேன். ஆனால் வானதி, அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நடை மட்டும், அமைதியான இடத்தில், ஆள் பக்கத்தில் இருக்க. அது பயமில்லாமல் வந்த பிறகு, நடந்துகொண்டே சுலபமான ஒன்று: காய்களின் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர். அப்புறம் திருப்பிச் சொல்வது, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழிப்பது. நல்ல கையில் தடி இருப்பதால் தண்ணீர் தம்ளர் ஏந்தி நடப்பது போன்றவை அவருக்கு இப்போது வேண்டாம், வாய் வேலை மட்டும் போதும். பதில் தப்பானால் விட்டுவிடுங்கள். நடை தடுமாறினால் உடனே கேள்வியை நிறுத்துங்கள்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் அவருடைய இடது பக்கம், அரை அடி பின்னால். விழுந்தால் அந்தப் பக்கம்தான் விழுவார். இடமிருந்து குரல் வந்தால் அந்தப் பக்கம் திரும்பவும் பழகுவார். கையைப் பிடிக்காதீர்கள். இடுப்பில் அகலமான துணி பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூச்சு வாங்கும் பயிற்சியை இதோடு கலக்காதீர்கள். அது வேறு நேரம். அமெரிக்க இதய சங்கம் 2014இல் பக்கவாதம் வந்தவர்களுக்கு வாரம் 3 முதல் 5 நாள், ஒரு நாளைக்கு 20 முதல் 60 நிமிடம் என்றது. ஒரே மூச்சில் வேண்டாம், பத்து பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்யலாம். அளவு எப்படித் தெரியும்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பிரஷருக்கு மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை எடுப்பவருக்கு நாடித் துடிப்பு அவ்வளவாக ஏறாது, எண்ணிப் பார்த்து ஏமாற வேண்டாம். நடை மெதுவாக இருப்பதால் மூச்சு வாங்கவில்லை என்றால் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பத்து முறைக்குள் மூச்சு வாங்கும். தொடையும் பலப்படும்.

தாராவி பாண்டியன்

அக்கா, வணக்கம். எங்க அண்ணனுக்கு வந்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். தோல் பட்டறையில் வேலை செய்தவர், வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. எங்கள் வீடு ஒரே அறை, ஏணிப்படி ஏறி மாடிக்குப் போகணும். சந்தில் ரெண்டு ஆள் சேர்ந்து நடக்க முடியாது. பிசியோவை வீட்டுக்குக் கூப்பிட வசதி இல்லை. சொந்தக்காரர் ஒருவர் முதல் நாளே எழுப்பி நடக்க வைத்திருந்தால் சரியாகியிருக்கும் என்கிறார். நாங்கள் தப்பு பண்ணிவிட்டோமா? நானே கற்றுக்கொண்டு பயிற்சி கொடுத்தால் போதுமா?

பிசியோ கனிமொழி

பாண்டியன் தம்பி, முதல் நாள் நடக்க வைக்காதது நல்லதுதான். 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தால் என்ன ஆகும் என்று 2100 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்தார்கள், 2015இல் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள்தான் மூன்று மாதம் கழித்து நன்றாக இருந்தார்கள். அந்தச் சொந்தக்காரர் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இப்போதிலிருந்து தான் வேலை. முதல் மூன்று மாதம் மூளை வேகமாகப் பழகும் காலம், அதை வீணாக்க வேண்டாம்.

நீங்கள் மட்டும் போதுமா என்பதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன். இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை வைத்து, வீட்டு ஆளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்து வீட்டில் செய்ய வைத்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. குடும்பம் பயனில்லை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள மாட்டேன். தினமும் வார்டில் பார்க்கிறேன், கூட ஆள் நிற்கும் நோயாளி முகமே வேறு. ஆனால் முழுச் சுமையையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு மருத்துவமனை கை கழுவக் கூடாது. பயிற்சியை ஏற்றிக்கொண்டே போக, கண்ணால் பார்த்துச் சொல்லும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே வெளிநோயாளர் பிசியோவுக்குத் தேதி வாங்கிவிடுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் சயான் மருத்துவமனை இருக்கிறது. கே.இ.எம்., நாயர் இரண்டிலும் பிசியோ கல்லூரியே உண்டு. பாதம் தொங்கினால் அதற்குப் பட்டை செய்ய மகாலட்சுமியில் ஹாஜி அலி பக்கம் மத்திய அரசின் உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பல இடத்தில் அனுப்ப மாட்டார்கள்.

ஒரே அறையிலும் செய்யலாம். சுவர் ஓரம் ஸ்டூல் போட்டு எழுந்து உட்கார்வது, சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்குவது, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது. ஏணிப்படி பெரிய கஷ்டம். பிசியோ சரி என்று சொல்லும் வரை ஏற்ற வேண்டாம், முடிந்தால் சில மாதம் கீழ்த்தளத்தில் யாராவது இடம் தருவார்களா பாருங்கள். பிறகு ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது விழுந்த கால் முதலில்.

திடீரென்று முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு மாறினாலோ காத்திருக்காதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

தாராவி பாண்டியன்

ரொம்ப நன்றி அக்கா. தப்பு பண்ணிவிட்டோமோ என்று அம்மா ராத்திரி எல்லாம் தூங்கவில்லை. இதைப் படித்துக் காட்டினேன்.

செம்பூர் வானதி

எல்லாருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்தோம், வேகமாக நடக்கச் சம்மதம் கொடுத்தார். கடிகாரப் படத்தில் கனிமொழி சொன்ன மாதிரியே எல்லா எண்ணும் வலது பக்கம் அடுக்கியிருந்தார். அதைப் பார்த்த பிறகு அம்மா பொரியலுக்குக் கோபப்படுவதை நிறுத்திவிட்டாள். சிவப்பு டேப் ஒட்டியாகிவிட்டது.

வராந்தாவில் 10 மீட்டருக்குச் சாக்பீஸ் கோடு போட்டு போனில் நேரம் பார்த்தோம். சும்மா நடந்தால் 22 விநாடி. ஸ்டேஷன் பெயரைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு நடந்தால் 34. மான்குர்டிலிருந்து குர்லாவுக்குத் திரும்பும் ஹார்பர் லைனை அவரே தேர்ந்தெடுத்தார். கோவண்டி வரை வந்து நின்றார், செம்பூர் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துச் சிரித்தார். இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது? இன்னொன்று, ஜூன் வந்துவிட்டால் வராந்தாவில் சாரல் அடித்துத் தரை வழுக்கும். அப்போது என்ன செய்வது?

பிசியோ கனிமொழி

22 விநாடி என்றால் விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெளியே தனியாகச் சுதந்திரமாகப் போய் வர விநாடிக்கு 0.8 மீட்டர் வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அதாவது அதே 10 மீட்டரைப் பன்னிரண்டரை விநாடியில் கடக்க வேண்டும். அதைவிட முக்கியம் 22க்கும் 34க்கும் உள்ள இடைவெளி. மாதம் ஒரு முறை இரண்டையும் எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். சும்மா நடக்கும் நேரம் குறையாமல் இந்த இடைவெளி மட்டும் குறைந்தாலும் அது முன்னேற்றம்தான். நோட்டை அவரையே எழுதச் சொல்லுங்கள், கழித்தலும் அவரே போடட்டும். கணக்குக்காரர்தானே.

மழைக்கு: வராந்தாவை விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் ஹாலிலிருந்து சமையலறை வரை சாமான்களை ஒதுக்கி ஒரு தடம் செய்யுங்கள், மிதியடிகளைச் சுருட்டி வைத்துவிடுங்கள். எழுந்து உட்காரும் பயிற்சியைக் கூட்டுங்கள்.

முலுண்ட் சுந்தரம்

மழைக்கு முன்னால் தடியின் நாலு காலிலும் உள்ள ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள் வானதி அம்மா. கோடு தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் ஈரத்தில் சறுக்கும். மருத்துவச் சாமான் விற்கும் கடையில் தனியாகவே கிடைக்கும். பழையதைக் கொண்டு போங்கள், அளவு மாறினால் கழன்று வரும்.